சாராளுக்கு ஊற்றிய தண்ணீர்

என் பெயர் ஆகார். வேதம் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். படிக்காதவர்கள் இது என்ன பெயர் என்று இரண்டாம் தடவை கேட்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இந்தப் பெயரை எனக்கு வைத்தவளைப் பற்றியே எழுதிவிடுகிறேன். என் அம்மா சிட்டம்மாள் காவாந்தண்டலத்துப் பக்கம் ஒரு காலனியில் வாழ்ந்தாள். பிடிவாதக்காரி, வாய்க்காரி. அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

ஆகார் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆபிரகாமின் மனைவி சாராளுக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. தன் அடிமைப் பெண்ணான ஆகாரைச் சாராளே புருஷனிடம் அனுப்பினாள். ஆகாருக்கு ஒரு மகன் பிறந்தான், இஸ்மவேல். பிறகு சாராளுக்கும் ஒரு மகன் பிறந்ததும், அந்த அடிமையையும் அவள் பிள்ளையையும் துரத்து என்றாள். ஆபிரகாம் கொஞ்சம் அப்பமும் தோல்பையில் தண்ணீரும் கொடுத்து அனுப்பிவைத்தார். வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்துபோனது. பிள்ளை சாவதைப் பார்க்க முடியாமல் அவனை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, எட்டப் போய் உட்கார்ந்து அழுதாள். அப்போது கடவுள் அவளுக்கு ஒரு கிணற்றைக் காட்டினார். எங்கள் கோயிலில் இந்தக் கதை வரும்போதெல்லாம் பிரசங்கம் சாராள் கட்சிதான். நாம் சாராளின் பிள்ளைகள், வாக்குறுதியின் பிள்ளைகள், அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் அல்ல என்று பாஸ்டர் தானியேல் கையை உயர்த்திச் சொல்வார். கீழே பாய் விரித்து உட்கார்ந்து கேட்பவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள் நிலத்தில் பரம்பரையாகக் கூலி வேலை செய்பவர்கள். ஆமென் என்பார்கள். அம்மாவும் ஆமென் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர்ப் பண்ணைக்காரர் முத்துகிருஷ்ணன் கழனியில் நடந்தது அதை மாற்றியது. நான் வயிற்றில் இருந்தேன். 1971ஆம் வருஷத்துக் கோடை. பம்புசெட் தண்ணீரை நம்பிப் போட்ட நடவு. வேலைக்குப் போகும் எங்கள் பெண்கள் தொட்டியில் கை வைக்கக் கூடாது. பண்ணையாள் ஒருவன் மேலே நின்று ஊற்ற, இரண்டு கையையும் குவித்துக் குடிக்க வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் எங்கேயோ போய்விட்டான். அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நேரே போய்த் தொட்டியில் கையை விட்டு அள்ளிக் குடித்தாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள். அந்த முகம் கழுவியதுதான் பெரிய குற்றமாகிவிட்டது.

முத்துகிருஷ்ணன் தொட்டியைத் திறந்துவிடச் சொன்னார். தண்ணீர் முழுக்க ஓடி, ஆள் வைத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் நிரப்பும் வரை நடவு நின்றது. அம்மாவைக் கரையில் நிற்கவைத்து அதை முழுக்கப் பார்க்கச் செய்தார். பிறகு, "போ. இனிமே இந்தப் பக்கம் வராதே," என்றார். சுற்றுப்பட்டில் வேறு யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. என் அப்பா கோபால் அதே கழனியில் தொடர்ந்து வேலை செய்தார். அவர் சாது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அம்மா சொன்னாள், நன்றாகவே சொன்னாள்.

அம்மா உத்திரமேரூருக்கு நடந்து போய் ஒரு தோல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் உப்புத் தடவி அடுக்கும் வேலை. நாற்றம் குடலைப் பிடுங்கும். கையில் வெடிப்பு இருந்தால் உப்பு ஏறி உயிர் போகும். மண்டி தஸ்தகீர் சாயபுவுடையது. அவர் கூலிக்காரிகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார், விரலை மட்டும் நீட்டி வேலை சொல்வார். அவருடைய விதவைத் தங்கை ஜுலேகா பீ மண்டிக்குப் பின்னாலேயே குடியிருந்தாள். அந்த வாசலில் ஒரு கிணறு. முதல் நாள் அம்மா கிணற்றிலிருந்து தள்ளிக் கை குவித்து நின்றிருக்கிறாள். ஜுலேகா பீக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா நின்னுக்கினு கீற? கயிறு அங்க கீது பாரு. எடுத்து எறச்சிக்கோ," என்றாளாம்.

அந்தக் கிணற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் அம்மாவின் குரல் இறங்கும்.

ஜுலேகா பீக்கு ஒரு பெண் குழந்தை, பெயர் ஹாஜிரா. அந்தப் பெயருக்கு யார் சொந்தக்காரி என்று அம்மா ஒரு நாள் கேட்டாள்.

"நபி இப்ராஹீமோட பீபி. இஸ்மாயிலோட அம்மா," என்றாள் ஜுலேகா பீ.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க ஆகாரா? அந்த அடிமைப் பொண்ணா? அவ பேர யாராச்சும் புள்ளைக்கு வெப்பாங்களா?"

"ஏன் வெக்கக்கூடாது? அவ புள்ளைக்குத் தண்ணி தேடிக்கினு ரெண்டு குன்னுக்கு நடுவுல ஓடுனா. எங்காளுங்க ஹஜ்ஜுக்குப் போனா அதே எடத்துல ஓடணும். ஆம்பள, பொம்பள, ராஜா, பிச்சக்காரன், எல்லாரும்."

"ஆம்பளைங்களுமா?"

"ஆம்பளைங்கதான் வேகமா ஓடணும்."

அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள், பெண் பிறந்தால் ஆகார் என்று.

அம்மா ஜுலேகா பீ சொன்னதை எல்லாம் நம்பிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேரும் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். ஆபிரகாம் கடவுளுக்குப் பலி கொடுக்கப் போனது சாராளின் மகன் ஈசாக்கை என்பாள் அம்மா. இஸ்மாயிலை என்பாள் ஜுலேகா பீ. பக்ரீத்துக்குப் பக்ரீத் அந்தச் சண்டை, கறிச் சட்டி காலியாகும் வரை. மரியம்மைக்கு அவர்கள் தரும் மரியாதை அம்மாவுக்குப் பெருமை. இயேசுவை நபி என்பதோடு நிறுத்திக்கொள்வது பிடிக்காது. சிலுவையில் அவர் சாகவே இல்லை என்று ஜுலேகா பீ சொன்னபோது அம்மா உப்புக் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டாள்.

"எனக்காகத்தான் அடிபட்டாரு, எனக்காகத்தான் ரத்தம் சிந்துனாருன்னு நான் நம்பிக்கினு கீறேன். அது நடக்கவே இல்லன்றியே, அப்ப எனக்கு யாரு கீறாங்க?" என்று கேட்டு, அந்த மாதம் முழுக்க ஜுலேகா பீயிடம் பேசவில்லை.

வேலைக்கு மட்டும் போனாள். கடைசியில் ஜுலேகா பீதான் ஒரு கிண்ணம் சேமியாவோடு வந்து பேச்சை ஆரம்பித்தாள். நபிகளைப் பற்றி இரண்டு பேரும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஆகார் விஷயத்தில் மட்டும், எங்கள் சபையைவிட அவர்கள் அவளை நன்றாக நடத்துகிறார்கள் என்று அம்மா ஒப்புக்கொண்டாள். தன் சபை மேல் அவளுக்குக் கோபம் வந்தது அதனால்தான். வெளியாட்கள் மேல் யாருக்கும் அந்த அளவுக்குக் கோபம் வராது.

நான் பிறந்தேன். பாஸ்டர் தானியேல் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். மழையில் நனைந்துகொண்டு வந்து நோயாளிக்கு ஜெபம் பண்ணுவார். எங்கள் ஜனங்களில் ஒருவர்தான், மெட்ராஸில் தங்கி வேத சாஸ்திரம் படித்தவர். படித்த காலத்தில் யூதர்களின் நூல்களையும் கொஞ்சம் பார்த்திருக்கிறார்.

"சிட்டம்மா, அது துரத்தப்பட்டவ பேரு. பவுல் அப்போஸ்தலரே அவள அடிமைத்தனத்துக்கு அடையாளமாத்தான் சொல்றாரு. பொண்ணுக்குச் சாராள்னு வையி," என்றார்.

"தொரத்துனவ பேர வெக்கணும், தொரத்தப்பட்டவ பேர வெக்கக்கூடாதுங்களா? நான் தொரத்தப்பட்டவதானே, ஐயா?"

பாஸ்டர் உண்மையாகவே அவளைச் சமாதானப்படுத்தத்தான் நினைத்தார். "யூத போதகர்கள் அவளப் பத்தி ஒண்ணு சொல்றாங்க. அவ சாதாரண வேலக்காரி இல்லியாம். எகிப்து ராஜாவோட மகளாம்."

"ராஜா வூட்டுப் பொண்ணா இருந்தாதான் மதிப்பாங்களா? வேலக்காரியா இருந்தா இன்னாங்க?"

"இன்னும் கேளு. சாராள் செத்ததுக்கு அப்புறம் ஆபிரகாம் கேத்தூராள்னு ஒருத்தியக் கல்யாணம் பண்ணாரு. அந்தக் கேத்தூராள் இந்த ஆகார்தான்னு அவங்கள்ல பல பேரு சொல்றாங்க. திரும்பக் கூட்டிக்கினு வந்துட்டாரு, பாத்தியா? அப்போ நீ கேத்தூராள்னு வெச்சுக்க. உன் ஆசையும் தீரும், சபையும் ஒண்ணும் சொல்லாது."

அம்மா என்னை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் செய்தி அவளைத் தொட்டுவிட்டது. யூதர்களுக்கும் அவளை வனாந்தரத்தில் விட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று பிற்காலத்தில் என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஆனால் பாஸ்டரிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"வூட்டுக்குள்ள சேக்கணும்னா அவ பேர மாத்திக்கினு வரணுமா, ஐயா? நம்மாளுங்க எத்தினி பேரு பேர மாத்திக்கினாங்க. யாரு வூட்டுக்குள்ள சேத்தாங்க?" என்றாள்.

தானியேல் என்ற பெயருள்ள மனுஷர் எழுந்துகொண்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் சபையில் ஞானஸ்நானத்தின்போது பாஸ்டர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள் என்பார். பெற்றவர்கள் எல்லார் காதிலும் விழும்படி பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லித்தான் அவர் தண்ணீரை ஊற்றுவார். அப்பா முன்னாலேயே பாஸ்டரிடம் போய், சாராள் என்றே வைத்துவிடுங்கள், நான் அவளைச் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அம்மாவைச் சமாளிக்கிறாராம்.

"இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்," என்றார் பாஸ்டர்.

"ஆகார்," என்றாள் அம்மா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "சாராளே," என்று சொல்லி என் தலையில் தண்ணீரை ஊற்றினார்.

அம்மா கையை நீட்டி என்னைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முந்தானையால் என் தலையை அழுந்தத் துடைத்தாள். ஒரு சொட்டுக்கூட விடாமல் துடைத்தாள். "இது சாராளுக்கு ஊத்துன தண்ணி. என் பொண்ணுக்கு இல்ல," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, மிச்சப் பாட்டு எல்லாவற்றையும் பாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

சபை கொதித்துப்போனது. ஞானஸ்நானத் தண்ணீரைத் துடைத்தவள் என்று அவளை நற்கருணைப் பந்தியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் அம்மா கோயிலுக்குப் போனாள். எல்லாரும் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் போகும்போது இவள் மட்டும் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் நான். அந்தத் தனிமை எனக்கு அப்போது புரியவில்லை. 

எங்கள் பக்கம் பெண்களைப் பிள்ளை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவை எல்லாரும் சாராளம்மா என்றே கூப்பிட்டார்கள். வேண்டுமென்றேதான். எதிர்வீட்டு அம்முலு அதில் முதல் ஆள். "சாராளம்மா, ஒன் ஆடு என் கீரைய மேயுது" என்று கத்துவாள். அம்மா திரும்ப மாட்டாள். ஆடு கீரையை முழுக்க மேய்ந்து முடித்தாலும் திரும்ப மாட்டாள். இதனால் நடந்த சண்டைகளை எழுதினால் தனியாக ஒரு புத்தகம் ஆகும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, தெற்கே ஏதோ ஒரு ஊரில் எங்களைப் போன்ற ஜனங்கள் கூட்டமாக முஸ்லிம் ஆகிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. உடனே காலனி அம்மாவைப் பார்த்தது. தோல் மண்டி, ஜுலேகா பீ, பக்ரீத் கறி, என் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். பாஸ்டர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"நீ போறதா இருந்தா போ. பொண்ண விட்டுட்டுப் போ," என்றார்.

"நான் எங்கியும் போவல, ஐயா. அந்தப் பீபியும் ஒரு நாளு வந்துடுன்னு கூப்புட்டுது. ஏசுவ வுட்டுட்டு வரமாட்டேன்னுட்டேன். ஆகாரு நம்ம வேதத்துலயும்தான் கீறா. நம்ம வேதத்துல கடவுளுக்கே ஒரு பேரு வெச்சவ அவ. என்னப் பாக்கற கடவுள்னு பேரு வெச்சா. நீங்கதானே வாசிச்சீங்க? நான் எதுக்கு வெளிய போவணும்?"

அந்தப் பேச்சுக்கு நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை அடிமைப் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். கோயில் பிள்ளைகள் இன்னும் மோசம். 1984இல் பேராயர் எங்கள் சபைக்குத் திடப்படுத்தல் ஆராதனைக்கு வருவதாக இருந்தது. அதன் பிறகுதான் பிள்ளைகள் நற்கருணை வாங்கலாம். என் வயதுப் பெண்கள் எல்லாரும் வெள்ளைப் பாவாடை தாவணி தைத்துக்கொண்டார்கள். பேராயர் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரைக் கேட்டு, அதைச் சொல்லித் தலைமேல் கை வைப்பார். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "சாராள்னு சொன்னா நீயும் வரிசையில நில்லு," என்றார்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். "எம்மா, எனக்குச் சாராள்னே இருக்கட்டும். எனக்கு ஒன் சண்ட வேணாம்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "தண்ணி ஊத்துன அன்னிக்கு ஒனக்கு வாய் இல்ல, நான் சொன்னேன். இப்ப ஒனக்கு வாய் கீது. ஒன் இஷ்டம்," என்றாள். பதின்மூன்று வருஷம் பந்தியில்லாமல் உட்கார்ந்திருந்தவள் அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது.

அந்த வாரம் தஸ்தகீர் சாயபு ஹஜ் முடித்துத் திரும்பிச் சில நாள் ஆகியிருந்தது. மண்டி ஆட்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். அம்மா என்னையும் கூட்டிப் போனாள். ஜுலேகா பீ ஹஜ்ஜிலிருந்து அவர் கொண்டு வந்த தண்ணீரைச் சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தாள். ஹாஜிரா பீபிக்குக் கிடைத்த தண்ணீர், இன்றைக்கும் வற்றவில்லை என்றாள். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, கும்பிடவும் இல்லை. தாகத்துக்குக் குடிப்பது போலக் குடித்தாள்.

ஜுலேகா பீ என் பக்கம் திரும்பினாள். "எங்க அண்ணன் முட்டி வீங்கிப் படுத்துக்கினு கீறாரு, பாத்தியா? இந்த மண்டியில ஒங்கம்மா எத்தினி வருஷம் வேல செஞ்சா. ஒரு நாளு அவ மூஞ்ச நிமிந்து பாத்தது இல்ல எங்க அண்ணன். அங்க போயி, ஒரு வேலக்காரி ஓடுன வழியில வேர்க்க வேர்க்க ஓடிட்டு வந்து படுத்துக்கினு கீறாரு."

உள்ளேயிருந்து சாயபு இருமினார். அம்மா சிரித்தாள். சத்தமாக, உள்ளே கேட்கும்படி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலில் தெரிந்த அந்த வீங்கின காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கிய வெள்ளைத் தாவணியில் நான் வரிசையில் நின்றேன். அம்மா முன்னால் உட்காரவில்லை. கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் முறை வந்தது. பாஸ்டர் தானியேல் பேராயருக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தார்.

"உன் பெயர் என்ன, மகளே?" என்றார் பேராயர்.

"ஆகார்," என்றேன்.

அந்தப் பெரிய மனுஷருக்கு எங்கள் வழக்கு எதுவும் தெரியாது. எனக்குப் பின்னால் இன்னும் ஏகப்பட்ட பிள்ளைகள் நின்றார்கள், வெளியே சமையல் வாசனை வந்துகொண்டிருந்தது. கையை என் தலையில் வைத்தார். "ஆகாரே, கர்த்தர் உன்னைத் தமது ஆவியால் திடப்படுத்துவாராக," என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். பாஸ்டரும் அவரோடு நகர வேண்டியதாயிற்று. பேராயர் சொன்னதைச் சபையில் யார் மாற்ற முடியும்?

பந்தி ஆரம்பித்தபோது அம்மா கதவிலிருந்து நேரே முன்னால் நடந்து வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பாஸ்டர் தட்டோடு அவள் முன்னால் நின்றார். அம்மா உப்பில் வெந்த இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். அவர் அப்பத்தை வைத்தார்.  அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

முந்தின வருஷம் மழை பொய்த்ததிலிருந்து எங்கள் காலனிக்குத் தண்ணீர் லாரிதான். அன்றைக்கு மத்தியானம் லாரி சத்தம் கேட்டது. எல்லா வீட்டிலிருந்தும் குடங்கள் ஓடின. அம்மா அடுப்படியில் இருந்தாள், அவளுக்குக் காதில் விழவில்லை. எதிர்வீட்டு அம்முலு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆகாரம்மா, தண்ணி வந்துட்டுது, இன்னா பண்ணிக்கினு கீற? கொடத்த எடுத்துக்கினு ஓடியா."

அம்மா திரும்பினாள். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.